பள்ளிக்கூடத்துக்குள் பொறியியல்: ஆசிரியர் பயிற்சி முடிந்த மூன்றாம் ஆண்டில் ஒரு மதிப்பீடு

கோவையில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரி, கோடை விடுமுறையில் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடத்தியது. பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் முன்பே பொறியியல் என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும், அதற்கு முதலில் ஆசிரியர்கள் தயாராக வேண்டும் என்பது நோக்கம். கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கும் நானும் சேர்ந்தேன். இப்போது மூன்றாவது கல்வியாண்டு ஓடுகிறது. அங்கே கற்றதில் எது வகுப்பில் நின்றது என்று இப்போதுதான் தைரியமாக எழுத முடிகிறது.

பயிற்சியின் கடைசி நாள் மாலை ஒரு கருத்துப் படிவம் கொடுத்தார்கள். பேச்சு தெளிவாக இருந்ததா, பொருட்கள் போதுமா, மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா என்று கேள்விகள். ஏறக்குறைய எல்லோரும் ஐந்துக்கு ஐந்து போட்டோம். மனதாரத்தான் போட்டோம். ஆனால் அந்த எண் அன்றைய மகிழ்ச்சியை மட்டுமே அளந்தது. பயிற்சிகளை எடைபோட அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் நான்கு கேள்விகள் வைத்தார்: வந்தவர்களுக்குப் பிடித்ததா, ஏதாவது கற்றார்களா, திரும்பிப் போன இடத்தில் வேலை செய்யும் விதம் மாறியதா, அதனால் பலன் வந்ததா. பின்னால் கல்வி ஆய்வாளர் தாமஸ் கஸ்கி இதை ஆசிரியர் பயிற்சிக்கென்று விரித்தபோது நடுவில் இன்னொன்றைச் சேர்த்தார்: கற்றதைச் செய்து பார்க்க அந்தப் பள்ளி இடம் கொடுத்ததா? என் அனுபவத்தில் மற்ற நான்கின் தலைவிதியையும் எழுதியது இந்தக் கேள்விதான்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். ஒரு தேவையைக் கண்டுபிடி, செலவு, நேரம், பொருள் என்று வரம்புகளை எழுது, பல வழிகளை யோசி, ஒன்றைச் செய், சோதி, திருத்து என்கிற சுற்றைப் பயிற்சி மிக நன்றாகப் பதியவைத்தது. ஈர்க்குச்சியும் சைக்கிள் டியூப் ரப்பரும் கொடுத்து, ஒரு செங்கல்லைத் தாங்கும் கோபுரம் கட்டச் சொன்னார்கள். பாதிக்கு மேல் விழுந்துவிட்டன. பக்கத்து மேசையில் இருந்த ஈரோட்டு ஆசிரியர், "ஏனுங்க சார், விழுந்துருச்சுன்னா அவ்வளவுதானுங்களா?" என்று கேட்டார். "இனிமேதாங்க பாடமே" என்று சொல்லிவிட்டு, எந்த இடம் முதலில் வளைந்தது என்று வரையச் சொன்னார் பயிற்றுநர். தெர்மாகோல் எரிமலையும் கடையில் வாங்கிய வொர்க்கிங் மாடலும் வைத்துக் கண்காட்சி நடத்திப் பழகிய எங்களுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம்.

அது வகுப்பில் எப்படி வேலை செய்தது என்பதற்கு மஞ்சள் களத்தைத்தான் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மஞ்சளை வெட்டி, வேகவைத்து, களத்தில் பத்து பதினைந்து நாள் காயப் போடுவார்கள். அந்த நேரத்தில் ராத்திரி கோடை மழை பிடித்தால் நிறம் கெட்டு விலை போய்விடும். மழை விழுந்ததும் வீட்டில் மணி அடிக்க வேண்டும் என்பது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே எடுத்த தேவை. அருகருகே இரண்டு தாமிரப் பட்டைகள், ஒரு பிசி 547 டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், ஒரு பஸ்ஸர், ஒன்பது வோல்ட் பேட்டரி. டிரான்சிஸ்டர் இங்கே ஒரு சுவிட்ச் மாதிரி. பட்டைகளுக்கு நடுவே தண்ணீர் விழுந்தால் அதைத் திறக்கும் 'பேஸ்' என்கிற காலுக்குச் சிறு மின்னோட்டம் போகும். அங்கே 0.7 வோல்ட் அளவுக்கு வந்தால் பஸ்ஸர் அடிக்கும்.

வகுப்பில் தண்ணீர் தெளித்தார்கள், பிரமாதமாக அடித்தது. உண்மையான மழையில் அடிக்கவே இல்லை. ஏன்? வகுப்பில் தெளித்தது போர் தண்ணீர். எங்கள் ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம், மின்சாரம் நன்றாகக் கடக்கும். மழைநீரில் உப்பு மிகக் குறைவு. இதைப் பிள்ளைகளே இரண்டு டம்ளர் வைத்துச் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். இன்னொரு டிரான்சிஸ்டரைச் சேர்த்து உணர்திறனைக் கூட்டினார்கள். உடனே அடுத்த வம்பு: விடியற்காலைப் பனிக்கே அடிக்க ஆரம்பித்தது. பட்டைகளின் இடைவெளியை அகலமாக்கி, தகட்டைச் சாய்த்து வைத்தார்கள். அப்புறம் சில வாரத்தில் ஒரு பட்டை மட்டும் பச்சை பூத்து அரித்துப்போனது. நேர்மின்னோட்டம் ஈரத்தில் ஓடினால் ஒரு முனை கரையும் என்று மின்னாற்பகுப்புப் பாடத்தில் ஏற்கெனவே படித்ததுதான். தாமிரத்துக்குப் பதில் பென்சில் கிராஃபைட் வந்தது.

இந்த ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்கு விடை தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. 'என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, அடுத்து எந்த ஒன்றை மட்டும் மாற்றப் போகிறீர்கள்' என்ற மூன்று கேள்விகளைக் கேட்கத் தெரிந்தால் போதும். பயிற்சி எனக்குக் கொடுத்ததில் மூன்றாண்டுக்குப் பிறகும் உயிரோடு இருப்பது இதுதான்.

எடுபடாததும் உண்டு. கணினியில் நிரல் எழுதி இயக்கும் ஆர்டுயினோ என்கிற சிறு மின்னணுப் பலகைக்கு ஒரு அரைநாள் ஒதுக்கி, ஆளுக்கு ஒரு பெட்டி கொடுத்து அனுப்பினார்கள். ஒரு பெட்டி, நாற்பது பிள்ளைகள், சொல்லிக்கொள்ளும்படி வேலை செய்யும் கணினி ஒன்று. 2016-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டமான அடல் டிங்கரிங் லேப் (பள்ளிக்குள் செய்து பார்க்கும் கூடம்) கிடைத்த பள்ளிகளுக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு, அங்கே இது நன்றாக நடக்கலாம். அந்த வசதி இல்லாத பள்ளிகளிலிருந்துதான் எங்களில் அதிகம் பேர் வந்திருந்தோம். அந்த அரைநாளை, செய்த பொருளுக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று கற்றுக்கொடுக்கச் செலவிட்டிருக்கலாம். அதைப்பற்றிப் பயிற்சியில் ஒரு வார்த்தை கூட இல்லை. இப்போது நான் பொருளுக்கு மதிப்பெண் போடுவதில்லை, குறிப்பேட்டுக்குத்தான் போடுகிறேன். பழுதும் திருத்தமும் தேதியோடு இருக்க வேண்டும்.

காட்டிய உதாரணங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுப் பாலங்களும் விண்கலங்களும். 1937-இலேயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இது எனக்கு வருத்தமாக இருந்தது. வெட் கிரைண்டர் பிறந்தது கோவையில். முருகானந்தம் குறைந்த விலை நாப்கின் இயந்திரத்தைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்ததும் கோவையில். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஓடாத மாநிலம் குறைவு. எங்கள் பிள்ளைகளுக்குச் சால்டரிங் சொல்லிக்கொடுத்தது பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் அண்ணன்தான். "ஈயத்தைச் சூடு பண்ணாத கண்ணு, கம்பியைச் சூடு பண்ணு, ஈயம் தானா ஓடிப் புடிச்சுக்கும்" என்று அவர் சொன்ன பிறகு ஒரு இணைப்பும் விட்டுப்போகவில்லை. பயிற்சியில் ஒரு மதியத்தையாவது கோவையின் கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு பட்டறையில் நடத்தியிருக்க வேண்டும்.

மதிப்பீடு செய்த விதத்திலும் எனக்குக் குறை உண்டு. முதல் நாள் 'பொறியியல் வடிவமைப்பு உங்களுக்கு எவ்வளவு தெரியும்' என்று கேட்டார்கள், பலர் நான்கு என்றோம். கடைசி நாளும் நான்குதான். முன்னேற்றமே இல்லை என்று அர்த்தமில்லை, முதல் நாள் எங்களுக்கு அளவுகோலே தெரியாது. கடைசி நாளில் 'வந்தபோது எங்கே இருந்தீர்கள், இப்போது எங்கே' என்று சேர்த்துக் கேட்டிருந்தால் உண்மை வந்திருக்கும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பொறியியல் கற்பிக்கும் ஆசிரியரின் தன்னம்பிக்கையை அளக்க ஒரு வினாப்பட்டியல் செய்திருக்கிறார்கள். செய்முறை நடக்கும்போது வகுப்பைக் கட்டுக்குள் வைக்க முடியுமா என்பதும் அதில் ஒரு பகுதி. வகுப்பறை தெரிந்தவர்கள் கேட்கும் கேள்வி அது.

பிள்ளைகளிடம் என்ன மாறியது என்று பார்க்க நான் வைத்துக்கொண்டது ஒரு வெள்ளைத்தாள். 'வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு பொறியாளரை வரையுங்கள்.' 2004 முதல் அமெரிக்காவில் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் சோதனை இது. முதல் ஆண்டு என் வகுப்பில் ஹெல்மெட் போட்ட ஆண்களும் கணினி முன் உட்கார்ந்த ஆண்களும்தான் வந்தார்கள். இப்போது பெண்கள் வருகிறார்கள், ரீவைண்டிங் அண்ணனும் வருகிறார். மெக்கானிக்கை வரைந்தால் அது தவறான புரிதல் என்று அந்த ஆய்வுகளில் கணக்கிடுவார்கள். இங்கே அதை அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை. நம் பட்டறைக்காரர் பழுது பார்ப்பதோடு நிற்பதில்லை, இயந்திரத்தையே மாற்றி அமைக்கிறார். அதனால் படத்தில் இருப்பவர் யார் என்பதைவிட என்ன செய்கிறார் என்று பார்க்கிறேன். 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்த வாய்ப்பு வரும்போது, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதற்காக ஒரு பாடப்பிரிவை எடுக்கும் நிலை இந்தப் பிள்ளைகளுக்கு வரக்கூடாது.

இனி கஸ்கியின் கேள்வி: பள்ளி இடம் கொடுத்ததா? என்னோடு பயின்றவர்களில் தாராபுரம் பக்கத்து ஆசிரியர் ஒருவர் என்னைவிடக் கைத்திறன் மிக்கவர். ஆனால் அவர் பள்ளியில் வாரம் முழுக்கப் பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு. முதல் ஆண்டு அரையாண்டுத் தேர்வுக்குள் எல்லாம் நின்றுவிட்டது. எங்கள் தலைமையாசிரியர் வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளையைக் கொடுத்தார். எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். பயிற்சிக்குப் பிறகு கல்லூரியிலிருந்து யாரும் பள்ளிக்கு வந்து பார்க்கவில்லை. ஈரோட்டில் மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் சில ஆசிரியர்கள் எங்களாகவே கூடி, ஓடாத மாதிரிகளைக் கொண்டுவந்து பேசிக்கொள்கிறோம். தாராபுரத்துக்காரரும் வருகிறார்.

மொத்தத்தில் இந்தப் பயிற்சியைப் பரிந்துரைக்கிறேன். நடத்துபவர்கள் பெட்டிக்கு ஆகும் பணத்தை எடுத்து ஆண்டுக்கு இருமுறை பள்ளிக்கு வந்து பார்க்கச் செலவிடட்டும், ஒரு நாள் தலைமையாசிரியர்களையும் உட்காரவைக்கட்டும். சேர நினைக்கும் ஆசிரியர்கள், விண்ணப்பம் போடுவதற்கு முன்பே வாரம் இரண்டு பாடவேளையை அட்டவணையில் எழுதி வாங்கிவிடுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம்.