விமான எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்: டர்பனிலிருந்து சென்னை செல்வோருக்கு

டர்பனிலிருந்து சென்னைக்கு டிக்கெட் எடுக்கப்போகிறவர்கள், அதிலும் அடிக்கடி பறப்பவர்களுக்கு ஏதாவது ஒரு விமான நிறுவனம் தரும் வெள்ளி அட்டையோ தங்க அட்டையோ வைத்திருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போன பணம் பெரிய தொகை இல்லை. ஆனால் எழுபத்தாறு வயதுப் பெண்மணியை ஓர் இரவு முழுவதும் இரும்பு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் மனைவியின் தாயார் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் பிறந்தவர். அறுபதுகளில் நிறவெறி அரசு இந்தியர்களை அங்கிருந்து கிளப்பி சாட்ஸ்வொர்த்தில் குடியேற்றியபோது, பள்ளிச் சிறுமியாக மூட்டையோடு வந்து சேர்ந்தவர். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டத் தொழிலாளர்களின் முதல் தொகுதியை டர்பனில் இறக்கியது. அத்தையின் தாத்தா அதற்குப் பல ஆண்டுகள் கழித்து வேறொரு கப்பலில் வந்தவர். அதன் பிறகு அந்தக் குடும்பத்தில் ஒருவர்கூடத் திரும்பிப் போய் அந்த மண்ணைப் பார்த்ததில்லை. நான் திருநெல்வேலிக்காரன், டர்பனில் பதினான்கு ஆண்டுகளாக வேலை. “ஒரே ஒரு தடவை என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள் மாப்பிள்ளை” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பேத்தியின் கல்யாணம் நிச்சயமானதும், புடவை எடுக்கும் சாக்கில் கிளம்பினோம்.

இங்கிருந்து சென்னைக்கு நேரடி விமானம் கிடையாது. ஜோகன்னஸ்பர்க்கிலோ, துபாயிலோ, வேறு எங்காவதோ மாறித்தான் போக வேண்டும். என்னிடம் ஒரு நிறுவனத்தின் தங்க அட்டை இருந்தது. வேலை நிமித்தம் இரண்டு ஆண்டுகள் ஓயாமல் பறந்து சேர்த்தது. அந்த அட்டைக்கு ஒரு கூடுதல் பெட்டி இலவசம், உடன் வரும் ஒருவரோடு விமான நிலைய ஓய்வறையான லவுஞ்சில் தங்கலாம், வரிசையில் முன்னுரிமை உண்டு. எனக்காக இல்லை, அத்தைக்காகத்தான் அந்த நிறுவனத்திலேயே டிக்கெட் எடுத்தேன். இதைவிட விலை குறைந்த டிக்கெட் இரண்டு இருந்தும் வேண்டாம் என்றேன்.

டிராவல் ஏஜென்சியில் இதையெல்லாம் சொல்லித்தான் கேட்டேன். வழியில் வரும் எல்லாமே பார்ட்னர் விமானங்கள், அட்டைக்கு உண்டானது எல்லாம் கிடைக்கும் என்றார்கள். நிறுவனத்தின் தொலைபேசி எண்ணையும் அழைத்தேன். அங்கேயும் அதே பதில். எழுத்தில் வாங்கவில்லை. டிக்கெட்டில் எல்லா விமானங்களுக்கும் என் நிறுவனத்தின் இரண்டெழுத்துக் குறியீடே போட்டிருந்தது. நம்பினேன். திரும்பும் பயணத்தில் இரண்டு நீண்ட விமானங்களுக்குக் கீழே மட்டும், பொடி எழுத்தில், இயக்குவது இன்னார் என்று வேறொரு நிறுவனத்தின் பெயர் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

போகும்போது ஒரு குறையும் இல்லை. அப்போது வந்த விமானங்கள் எல்லாம் என் நிறுவனத்துடையவையோ, அதே கூட்டணியைச் சேர்ந்தவையோதான். அதனால் சந்தேகம் வர வழியே இல்லாமல் போயிற்று.

திரும்பும்போது சென்னை விமான நிலையத்தில் அட்டையை நீட்டினேன். கவுன்டரில் இருந்த பெண் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எங்களிடம் செல்லாது சார் என்றார். டிக்கெட்டைக் காட்டினேன். எண் அவர்களுடையது, விமானம் எங்களுடையது என்றார். கூடுதல் பெட்டிக்கு 16,800 ரூபாய் கேட்டார்கள். அந்தப் பெட்டியில் நாச்சியார்கோயிலில் வாங்கிய ஒரு ஜோடிக் குத்துவிளக்கு இருந்தது. எடையைக் குறைக்கலாம் என்று அத்தையே தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். விளக்கின் தட்டையும் தண்டையும் பாதத்தையும் தனித்தனியாகக் கழற்றித் துண்டில் சுற்றியிருந்தோம். ஒவ்வொரு துண்டாகப் பிரித்து, “இதை என் மடியில் வைத்துக்கொண்டு வருகிறேனே” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். பின்னால் வரிசையே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நான் பணத்தைக் கட்டினேன்.

இடையில் இறங்கிய ஊரில் அடுத்த விமானத்துக்கு ஏழு மணி நேரம் இருந்தது, நடு இரவு. லவுஞ்ச் வாசலில் அதே பதில். பணம் கட்டியாவது விடுங்கள் என்றேன். இடம் இல்லை என்றார்கள். அத்தையின் இரண்டு கணுக்காலும் வீங்கிச் செருப்பின் வார் பதிந்துபோயிருந்தது. குளிருக்கு முந்தானையைத் தலைவரை போர்த்திக்கொண்டு, கைப்பிடி வைத்த நாற்காலியில் படுக்கவும் முடியாமல் விடிய விடிய உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்கு மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வீடு வந்து சேர்ந்த பிறகு உட்கார்ந்து விதிகளைப் படித்தேன். ‘பார்ட்னர்’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு உறவுகளை மடித்து வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. முதலாவது, கூட்டணி. 1997இல் தொடங்கிய ஸ்டார் அலையன்ஸ், 1999இல் வந்த ஒன்வேர்ல்டு, 2000இல் வந்த ஸ்கைடீம் ஆகிய மூன்றும் பெரியவை. ஒரே கூட்டணிக்குள் இருக்கும் நிறுவனங்கள் ஒன்றின் உயர்நிலை அட்டையை மற்றொன்று மதிக்கும். இரண்டாவது, கோட் ஷேர். ஒருவர் ஓட்டும் விமானத்தில் இன்னொருவர் தன் எண்ணைப் போட்டு டிக்கெட் விற்பது. விற்பவர் கூட்டணியில் இருக்கலாம். ஓட்டுபவர் இல்லாமல் இருக்கலாம். லவுஞ்ச் கதவும் பெட்டி எடையும் பெரும்பாலும் ஓட்டுபவரைப் பொறுத்தவை. மூன்றாவது, மைல்கள், அதாவது பறப்பதற்குக் கணக்கில் ஏறும் வெகுமதிப் புள்ளிகள், சேர்ப்பதற்கு மட்டும் போட்ட ஒப்பந்தம். பறந்தால் ஏதோ கொஞ்சம் மைல் ஏறும். அட்டைக்கு அங்கே ஒரு மரியாதையும் கிடையாது. எனக்கு விற்றது இரண்டாவது வகை. முதல் வகையைப் போலப் பேசி விற்றார்கள்.

மைல் கணக்கு இன்னொரு கதை. டிக்கெட்டில் விமான எண்ணுக்குப் பக்கத்தில் தனியாக ஓர் எழுத்து இருக்கும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. அதுதான் கட்டண வகுப்பு, அதாவது டிக்கெட் எந்தக் கட்டணப் பிரிவில் விற்கப்பட்டது என்பதற்கான குறி. பக்கத்துப் பக்கத்து இருக்கையில் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு வரும் இருவரில் ஒருவருக்கு முழு மைலும், மற்றவருக்குக் கால் பங்கும் ஏறலாம். ஒன்றுமே ஏறாமலும் போகலாம். எல்லாம் அந்த எழுத்தைப் பொறுத்தது. இதில் கூடுதல் சிக்கல், சொந்த விமானத்துக்கு ஓர் அட்டவணை, பார்ட்னர் ஓட்டும் விமானத்துக்கு வேறோர் அட்டவணை. என் எழுத்துக்குச் சொந்த விமானத்தில் கால் பங்கு போட்டிருந்தது. பார்ட்னர் அட்டவணையில் அந்த எழுத்தே இல்லை; அதாவது பூஜ்யம். செலவழிக்கும் மைல் வேறு, அட்டையின் நிலையைக் காப்பாற்றும் மைல் வேறு என்பதும் பலருக்குத் தெரியாது. பார்ட்னர் விமானத்தில் முன்னது ஏறி, பின்னது ஏறாமல் போகும் திட்டங்கள் உண்டு. சில திட்டங்களில் வருடத்துக்கு இத்தனை பயணம் சொந்த விமானத்திலேயே செய்திருக்க வேண்டும்; உதாரணமாக அமெரிக்காவின் யுனைடெட் விமான நிறுவனம் குறைந்தது 4 என்கிறது. இந்தப் பயணத்தை நம்பிக் கணக்குப் போட்டிருந்த நான், வருட முடிவில் தங்கத்திலிருந்து வெள்ளிக்கு இறங்கிவிட்டேன்.

புகார் எழுதினேன். விற்ற நிறுவனம், விமானம் எங்களுடையது இல்லை, ஓட்டியவரைக் கேளுங்கள் என்றது. ஓட்டிய நிறுவனம், நீங்கள் எங்கள் திட்டத்தின் உறுப்பினர் இல்லை, விற்றவரைக் கேளுங்கள் என்றது. ஏஜென்சி, விதிகள் நிறுவனத்துடையவை என்றது. நான்கு மாதம் இப்படியே பந்தாடினார்கள். பிறகு ஒரு நண்பர் சொல்லித்தான் தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். அதன் 35ஆம் பிரிவு இப்படிப்பட்ட வாடிக்கையாளர் வெகுமதித் திட்டங்களைப் பற்றியே பேசுகிறது. சொன்னதைத் தராமல் இருக்கும் நோக்கத்தோடோ, சொன்னதற்கு மாறாகத் தரும் நோக்கத்தோடோ ஒரு வெகுமதியை முன்வைக்கக் கூடாது என்கிறது. பிரிவின் எண்ணைப் போட்டு எழுதிய பிறகுதான் ஏஜென்சி தன் சேவைக் கட்டணத்தைத் திருப்பித் தந்தது. விமான நிறுவனத்திடமிருந்து இன்றுவரை வருத்தக் கடிதம் மட்டுமே வந்திருக்கிறது.

இந்த உறவுகள் நிலையாகவும் இருப்பதில்லை. இந்தியாவுக்குப் போகும் நம்மவர்கள் பலர் மைல் சேர்த்த ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றுபோனது. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தது. ஸ்டார் அலையன்ஸைத் தொடங்கிய ஐந்து நிறுவனங்களில் ஒன்றான, ஸ்காண்டிநேவிய நாடுகளின் எஸ்ஏஎஸ்ஸே 2024இல் அதை விட்டு ஸ்கைடீமுக்குப் போய்விட்டது. போன வருடம் கிடைத்த சலுகை இந்த வருடமும் கிடைக்கும் என்று எண்ணி டிக்கெட் எடுக்காதீர்கள்.

எடுப்பதற்கு முன் ஒவ்வொரு விமானமாகக் கைவைத்து, இதை ஓட்டுவது யார், அவர் என் அட்டையின் கூட்டணியில் இருக்கிறாரா, இந்த எழுத்துக்கு என் திட்டத்தில் எத்தனை மைல் என்று கேளுங்கள். பெட்டி எடைக்கு யாருடைய விதி பொருந்தும் என்பது மின்டிக்கெட்டிலேயே இருக்கும், அதையும் படியுங்கள். பதிலை மின்னஞ்சலில் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். டர்பனில் ஏஜென்சிக்கா பஞ்சம்? உறுப்பினர் எண்ணைப் பறப்பதற்கு முன்பே சரியாகப் போட்டுவிட வேண்டும். ஒரு பயணத்தின் மைலை ஒரு திட்டத்தில்தான் ஏற்ற முடியும். மைல் கணக்கில் ஏறிய பிறகு மாற்ற முடியாது.

விட்டுப்போன மைலைப் பின்னால் கோருவதற்குக் கெடு உண்டு. அது திட்டத்துக்குத் திட்டம் மாறும். பல இடங்களில் போர்டிங் பாஸையும் கேட்பார்கள். அண்மையில் பறந்து வந்தவர்கள் இன்றிரவே அதைப் படம் எடுத்து வையுங்கள். அத்தைக்கும் அவர் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, போகும் பயணத்தின் மைலையாவது ஏற்றலாம் என்று நினைத்துப் பாஸைக் கேட்டேன். பூஜை அலமாரியில் விபூதித் தட்டுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார். எடுத்துக் கொடுத்தபோது, விளக்குச் சூட்டிலும் டர்பன் வெயிலிலும் அச்செழுத்து முழுவதும் மங்கி, ஓரத்தில் குங்குமக் கறை மட்டும் இருந்தது.