டெய்லர்ஸ் 1985 வின்டேஜ் போர்ட்: விற்கவா, குடிக்கவா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது இந்தப் போர்ட் என்கிற இனிப்பு வைனில் ஒரே ஒரு போத்தல், வாங்கிய பில்லும் இல்லை, குடியிருப்பது நுவரெலியா பக்கம் என்றால் விற்கிற யோசனையை விட்டுவிடுங்கள். நல்ல ஆள் இரண்டு பேரைக் கூப்பிட்டுத் திறந்துவிடுங்கள்.

எங்கள் தோட்டத்துப் பெரிய துரை ஓய்வுபெற்றுப் போகும்போது பங்களாச் சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். ஃபெக்டரியில் டீமேக்கராக இருந்த எனக்கு வந்தது இந்தப் போத்தல். கறுத்த, கனத்த கண்ணாடி. லேபிளில் பாதியைப் பூஞ்சணம் தின்றிருந்தாலும் 1985 என்பது தெளிவாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் எங்கள் பெரிய கிளாக்கர் கேட்ட முதல் கேள்வி: “இது லூல்கந்துரவில 1867ல தேயிலை போட்டாரே, அந்த டெய்லர் துரையோட கம்பெனியா?” இல்லை. அவர் ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர். இந்த டெய்லர்ஸ் 1692இல் தொடங்கிய போர்ட் வியாபாரம். திராட்சை விளைவது போர்த்துக்கலின் டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: திராட்சைச் சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சையில் வடித்த கடும் சாராயத்தை ஊற்றி அதை நிறுத்திவிடுவார்கள். அதனால் சீனி கணிசமாக மிஞ்சும், மதுவும் 20 சதவீதம் அளவில் நிற்கும். வின்டேஜ், அதாவது அந்த ஒரே வருடத்து விளைச்சல் என்று பேர் போட எல்லா வருடத்துக்கும் கொடுப்பினை இல்லை. பத்து வருடத்தில் மூன்று தடவை அறிவித்தால் பெரிது. 1985ஐ ஏறக்குறைய எல்லாக் கம்பெனிகளுமே அறிவித்தன. பீப்பாயில் இரண்டு வருடம்தான், அப்புறம் வடிகட்டாமல் போத்தலில் அடைத்துவிடுவார்கள். மிச்ச வயதெல்லாம் போத்தலுக்குள்ளேயே ஏறவேண்டும். ஆகவே யார் வீட்டில், எந்தச் சூட்டில் கிடந்தது என்பதுதான் கதையே.

கொழும்பில் இருக்கும் மூத்தவன் இன்டர்நெட்டில் பார்த்துவிட்டு போன் எடுத்தான். லண்டன் கடைகளில் நூறு பவுணை ஒட்டி விலையாம். “அப்பா, வித்திடுங்க. உங்க மருந்துச் செலவாச்சும் போகும்” என்றான். பிள்ளை சொன்னதில் பிழையில்லை, ஆனால் அது கடைக்காரர் வரியும் சேர்த்துப் போட்ட விலை. நம் கைக்கு வருவது வேறு. ஏலக் கம்பெனி கமிஷன் எடுக்கும். ஒற்றைப் போத்தலை அவர்கள் அவ்வளவாக விரும்புவதும் இல்லை. பன்னிரண்டு போத்தல் பெட்டி, அதுவும் உடைக்காதது, எங்கே வைத்திருந்தோம் என்பதற்குக் கடதாசி, இதெல்லாம் இருந்தால்தான் மதிப்பு. அனுப்புகிற செலவையும் கழித்தால் மிஞ்சுவது அலைச்சல்தான். உள்ளூரிலும் விசாரித்தேன். ஒரு ஹோட்டல்காரர், “கெட்டுப் போயிருக்கும் ஐயா” என்று சொல்லிக்கொண்டே இரண்டு போத்தல் சாராயக் காசுக்குக் கேட்டார். கெட்டுப்போனதற்கு எதற்கு இந்த ஆசையோ. தவிர, அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் விற்பதை மதுவரிச் சட்டம் விடாது. வயதான காலத்தில் எனக்கு அது தேவையா?

நமக்கு இருக்கிற பெரிய வசதி குளிர். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். ஆண்டுச் சராசரி 16 பாகைக்குக் கிட்டத்தட்ட. வைன் நிலவறைக்கு 12 முதல் 15 வரை நல்லது என்கிறார்கள். அதாவது குவார்ட்டர்ஸில் கட்டிலடியில் படுக்க வைத்த போத்தல், கொழும்பில் அலமாரியில் நிற்கும் போத்தலைவிட எவ்வளவோ பாதுகாப்பு. ஈரம் லேபிளைக் கெடுத்தாலும் தக்கையைக் காய விடாது. கழுத்தடி வரை சரக்கு நின்றது. தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால்தான் பயப்பட வேண்டும்.

வண்டல் அடியில் தங்கட்டும் என்று திறப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வைத்தேன். தக்கை எதிர்பார்த்தபடியே நடுவில் ஒடிந்தது. மிச்சத்தை மெதுவாகத் திருகி எடுத்து, சவர்க்காரம் படாமல் கழுவிக் காயவைத்த மெல்லிய துணி வழியாகக் கண்ணாடிக் கூஜாவுக்கு ஊற்றினேன். போத்தல் கழுத்துக்குப் பின்னால் டோர்ச் பிடித்தது பெரிய கிளாக்கர். ஒரே சீராக, நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். கழுத்தில் கறுப்புக் கோடு நகர்ந்து வந்ததும் அவர் “போதும், போதும்!” என்று கத்திவிட்டார். அடியில் தங்கிய வண்டல் நனைந்த டஸ்ட் தேயிலை மாதிரியே ஒட்டிக் கிடந்தது.

இனி ருசி. நடுவில் இன்னும் நல்ல சிவப்பு, ஓரத்தில் செங்கல் நிறம். ஊற்றியவுடன் பழைய அலமாரி வாசம்தான் வந்தது. அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டு மணித்தியாலம் போனபின் காய்ந்த திராட்சை, அதிமதுரம், லேசாகக் கறுவா. தேயிலை பார்க்கிற பழக்கத்தில் சத்தமாக உறிஞ்சினேன் (வீட்டுக்காரி முறைத்தாள்). முதலில் இனிப்பு, பின்னாலேயே துவர்ப்பு வந்து அந்த இனிப்பைக் கட்டிப் பிடிக்கிறது. என் வேலையில் துவர்ப்பைத்தான் முப்பது வருடமும் தேடியது. இத்தனை வயதான சரக்கில் அது செத்துப்போகாமல் இருந்தது எனக்குப் பெரிய ஆச்சரியம். விழுங்கியபின் தொண்டையில் சாராயச் சூடு கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது. அது ஒன்றுதான் குறை. வீட்டுக்காரி ஒரு மிடறு குடித்து, “இருமல் மருந்துக்கா இவ்வளவு ஆராய்ச்சி?” என்றாள்.

கிறிஸ்மஸ் கேக்கோடு சாப்பிட்டுப் பார்த்தோம், சரிவரவில்லை. கேக்கின் இனிப்புக்கு முன்னால் போர்ட் புளித்துப்போகிறது. உப்பிட்டு வறுத்த கஜுதான் பொருத்தம். சீஸ் இருந்தால் இன்னும் நல்லது. சீனி வருத்தம் உள்ளவர்கள் சின்னக் கிளாஸோடு நிறுத்த வேண்டும். மறுநாளும் நன்றாகவே இருந்தது. மூன்றாம் நாள் வாசம் பாதி போய்விட்டது, ஆகவே மிச்சம் வைத்து ரசிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

உடைக்காத பெட்டியும் பில்லும் வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால், உங்கள் கணக்கு வேறு; விற்கலாம், தப்பில்லை. எனக்கு இனி இப்படியொன்று கிடைக்கப்போவதில்லை. மூத்தவன் வெளிநாடு போனால் எல்பிவி (தாமதமாகப் போத்தலில் அடைக்கிற போர்ட்) ஒன்று வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். அது நான்கு முதல் ஆறு வருடம் வரை பீப்பாயில் இருந்து வருவது. விலை குறைவு, வாங்கிய அன்றே குடிக்கலாம், டோர்ச் பிடிக்க ஆளும் பெரும்பாலும் தேவைப்படாது.