இறந்தது ஒரு மாநிலம், அடக்கம் இன்னொரு மாநிலம்: ஒரே பில்லா, இரண்டு பில்லா?

நியூ ஜெர்சியில் வாழ்ந்தவர், ஃபுளோரிடாவுக்குப் போன இடத்தில் இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடக்கம் ஊரில்தான். அமெரிக்காவில் குடும்பமே உடலைப் பயணிகள் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட முடியாது. பாதுகாப்பு விதிப்படி 'அறியப்பட்ட அனுப்புநர்' என்று பதிவான ஃபியூனரல் ஹோம் (இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்யும் நிறுவனம்) வழியாகத்தான் அனுப்ப வேண்டும். ஆக, அனுப்ப ஒரு ஃபியூனரல் ஹோம், வாங்கிக்கொள்ள இன்னொன்று. இரண்டுக்கும் நாமே தனித்தனியாகப் பணம் கட்டுவதா, ஊரில் இருக்கும் ஃபியூனரல் ஹோமிடம் மொத்தத்தையும் ஒப்படைப்பதா?

இரண்டு பில் வழியில் சட்டம் நம் பக்கம் நன்றாகவே நிற்கிறது. ஃபெடரல் டிரேட் கமிஷன் என்ற மத்திய அரசு அமைப்பின் விதியான, 1984-இல் நடைமுறைக்கு வந்த 'ஃபியூனரல் ரூல்', உடலை வேறு ஃபியூனரல் ஹோமுக்கு அனுப்புவதற்கும் வேறிடத்திலிருந்து வரும் உடலைப் பெறுவதற்கும் தனித்தனி விலை போடச் சொல்கிறது. அந்த விலையில் என்னென்ன அடங்கும் என்பதும் பட்டியலில் இருக்க வேண்டும். போனில் கேட்டாலும் விலை சொல்லியாக வேண்டும். இந்த இரண்டு விலைகளிலும் 'அடிப்படைச் சேவைக் கட்டணம்' (ஃபியூனரல் ஹோமின் பொதுவான வேலைகளுக்கான நிலையான கட்டணம்) ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. அதையே பில்லில் தனியாக மறுபடி போட்டால் ஏனென்று கேளுங்கள். மீறலுக்கான அபராதம் ஒவ்வொன்றுக்கும் 50,000 டாலரைத் தாண்டும், எனவே கேள்விக்கு மதிப்பு இருக்கும். கஷ்டம் வேறு இடத்தில்: இரண்டு ஒப்பந்தம், இரண்டு பேரம். விமானம் தவறினால் அவர் இவரைக் கைகாட்டுவார், இவர் அவரை. துக்க வீட்டில் யார் இதற்கெல்லாம் உட்கார்ந்து போன் பேசுவது?

ஒரே பில் வழியில் அந்த அலைச்சல் இல்லை. ஊர் ஃபியூனரல் ஹோமே ஃபுளோரிடாவில் இன்னொரு ஃபியூனரல் ஹோமை அமர்த்தி, பணத்தையும் கொடுத்துவிடும். தொழிலுக்குள் ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்ளும் விலை, பொதுமக்களுக்கான விலையைவிடக் குறைவாக இருப்பதுண்டு. அந்த லாபம் நமக்கு வருமா? வரலாம், வராமலும் போகலாம். அதை நமக்குத் தந்தே ஆகவேண்டும் என்று ஃபியூனரல் ரூல் சொல்லவில்லை.

இங்கேதான் கவனிக்க வேண்டிய சொல் வருகிறது: 'கேஷ் அட்வான்ஸ்'. நம் சார்பில் வெளியாருக்கு முன்கூட்டிக் கட்டிய செலவு என்று பொருள். பூ, இரங்கல் அறிவிப்பு, மரணச் சான்றிதழ் மாதிரியானவை இதில் வழக்கமாக வரும். கட்டியதற்கு மேல் லாபம் வைத்துவிட்டு, கட்டிய தொகையே இதுதான் என்று காட்டினால் அது ஏமாற்று. லாபம் வைத்தால், 'இவற்றைப் பெற்றுத் தருவதற்குக் கட்டணம் வாங்குகிறோம்' என்று எழுத்தில் சொல்ல வேண்டும். எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை! அதோடு, 2007-இல் ஃபெடரல் டிரேட் கமிஷன் கொடுத்த விளக்கப்படி, இந்தத் தடை 'கேஷ் அட்வான்ஸ்' என்று சொல்லப்பட்ட, அல்லது அப்படி எண்ண வைக்கிற செலவுகளுக்கு மட்டும்தான். ஃபுளோரிடாவில் நடந்த வேலையைத் தன் சேவையாகவே பட்டியலில் போட்டு ஒரு விலை வைத்தால், அந்த அறிவிப்புகூட வேண்டியதில்லை. சட்டம் பணத்தைத் தடுக்கவில்லை, அதைப் பற்றிப் பொய் சொல்வதைத்தான் தடுக்கிறது.

வேலைக்குக் கூலி கொடுப்பது வேறு, வாடிக்கையாளரைப் பிடித்துத் தந்ததற்குக் கமிஷன் கொடுப்பது வேறு. முதலாவதில் தவறில்லை. இரண்டாவதைப் பல மாநிலங்களின் உரிமச் சட்டங்கள் தடை செய்கின்றன. மருத்துவமனையில் யாராவது குறிப்பிட்ட ஒரு பெயரையே திரும்பத் திரும்பச் சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது வழியும் உண்டு: அங்கேயே தகனம் செய்து, சாம்பலைக் கையோடு கொண்டு வருவது. எக்ஸ்ரேயில் உள்ளே தெரியும் கலசமாக இருந்தால் பொதுவாகச் சிக்கல் இருக்காது. இன்னொரு ஃபியூனரல் ஹோமே தேவைப்படாது, செலவும் இழுபறியும் குறையும். உடலைப் புதைத்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு இது வழியே இல்லை, அப்புறம் பேச என்ன இருக்கிறது?

முன்பே பணம் கட்டிவைத்த திட்டம் இருந்தால் கணக்கு மாறும். பணம் டிரஸ்டில் இருக்கிறதா, காப்பீட்டில் இருக்கிறதா, இன்னொரு ஃபியூனரல் ஹோமுக்கு மாற்ற முடியுமா என்பதெல்லாம் அந்த மாநிலச் சட்டத்தையும் ஒப்பந்தத்தையும் பொறுத்தது. பழைய இடம் உறுதி கொடுத்த விலையைப் புதிய இடம் தானாக ஏற்றுக்கொள்ளும் என்று நம்பிவிடாதீர்கள்.

என் ஓட்டு ஒரே பில்லுக்குத்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. முதலில் ஃபுளோரிடா பக்கம் இரண்டு இடங்களுக்குப் போன் போட்டு, உடலை அனுப்பும் விலையைக் கேட்டுக் குறித்துக்கொள்வேன். பிறகு ஊர் ஃபியூனரல் ஹோமில், "அங்கே கட்டுவது எவ்வளவு, எங்களிடம் வாங்குவது எவ்வளவு? அவர்கள் பில்லைக் காட்ட முடியுமா?" என்று கேட்பேன். காட்டியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் காட்டத் தயங்கினால், கையில் ஏற்கெனவே விலை இருக்கிறது, இரண்டு பில் வழிக்குத் திரும்பிவிடலாம். பேசி முடித்ததும் தேர்ந்தெடுத்தவற்றை விலையோடு வரிவரியாக எழுதிய தாளைத் தருவது அவர்கள் கடமை. கேஷ் அட்வான்ஸ் தொகை சரியாகத் தெரியாவிட்டால் நேர்மையான மதிப்பீடாவது அதில் இருக்க வேண்டும். ஃபுளோரிடா செலவு அந்தத் தாளில் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.