முல்லைத்தீவா, வெள்ளவத்தையா, வீட்டு மேசையா?

போன ஞாயிற்றுக்கிழமை என் மருமகள், அண்ணையின் மகள், யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பிளாஸ்ரிக் பைல், அதற்குள் மூன்று கடிதங்கள். ஒன்று முல்லைத்தீவு மாவட்டத்துப் பிரதேச செயலகம் ஒன்றுக்கு அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனம். இன்னொன்று கொழும்பில் ஒரு கணக்காய்வுக் கொம்பனி. மூன்றாவது, லண்டனில் இருக்கிற ஒரு நிறுவனத்துக்கு இங்கே வீட்டில் இருந்தபடியே கணக்கு எழுதிக் கொடுக்கிற ஒன்லைன் வேலை. "மாமி, எதை எடுக்கிறது? வீட்டில ஆளுக்கொண்டு சொல்லுகினம்" என்றாள்.

அண்ணைக்கு, கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை, அதாவது அரசாங்கத்தில், மேய்க்கோணும். மச்சாளுக்குப் பிள்ளை கண்ணுக்கு முன்னால் இருந்தால் போதும், ஆகவே ஒன்லைன். பிள்ளைக்குக் கொழும்பில் ஆசை, வாய்விட்டுச் சொல்லப் பயம். இந்த மூன்று வாழ்க்கையும் எனக்குத் தெரியும். ஆறு வருடம் கொழும்பில் கணக்காய்வு செய்தேன். ஐந்து வருடமாக வீட்டில் இருந்து லண்டன் கணக்குப் பார்க்கிறேன். கட்டினது ஒரு அரசாங்க உத்தியோகத்தரை. அதனால் அவளை இருத்தி வைத்து மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தோம்.

சம்பளத்தை முதலில் பார்க்காதே என்றுதான் தொடங்கினேன். எந்த வேலையென்றாலும் நாளில் எட்டு மணித்தியாலம் போகத்தான் போகிறது. அந்த எட்டும் நாளின் எந்தப் பக்கத்தில் விழுகிறது, போக வர இன்னும் எவ்வளவு தின்கிறது, வீட்டில் ஒரு அவசரம் என்றால் அதில் ஒரு மணித்தியாலத்தையாவது திருப்பி வாங்க முடியுமா என்று பார்க்க வேண்டும். மூன்று வேலைகளும் பிரிகிற இடம் அதுதான்.

அண்ணையின் பழமொழியில் இருந்தே வருகிறேன். அது சும்மா பிறந்ததில்லை. எங்கள் பாட்டன்மார் மலாயாவுக்கும் கொழும்புக்கும் கிளாக்கர் வேலைக்குப் போய், மாதாமாதம் மணியோடர் அனுப்பி, பென்சனோடு ஊருக்குத் திரும்பிக் கல்வீடு கட்டினவர்கள். இன்றைக்கும் அரசாங்க அலுவலகம் காலை 8.30க்குத் தொடங்கிப் பின்னேரம் 4.15க்கு முடிகிறது. வருடத்துக்கு நாற்பது நாளுக்கு மேல் லீவு. பிள்ளை பிறந்தால் 84 வேலைநாள் முழுச் சம்பளத்தோடு வீட்டில் இருக்கலாம். பிறகும் தேவையென்றால் அரைச் சம்பளத்தில் 84 நாள், சம்பளமில்லாமல் இன்னும் 84 நாள். வேறெந்த வேலையும் ஒரு தாய்க்கு இவ்வளவு கொடுப்பதில்லை. 2025 வரவு செலவுத் திட்டத்தில், ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவில் இருந்து 40,000 ரூபாவுக்கு மூன்று கட்டமாக உயர்த்தவும் முடிவெடுத்தார்கள்.

ஆனால் 8.30க்கும் 4.15க்கும் இடையில் இருப்பது அலுவலகம் மட்டும்தான். வீட்டில் இருந்து அங்கே போய்ச் சேருகிற வழியை யாரும் நியமனக் கடிதத்தில் எழுதுவதில்லை. என் கணவருக்கும் முதல் நியமனம் முல்லைத்தீவுதான், ஐந்து வருடம். யாழ்ப்பாணத்தில் இருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல். விடிய நாலு மணிக்கு எழும்புவார். நான் புட்டும் சம்பலும் பெட்டியில் போட்டு மூடும்போது சூட்டில் மூடி வேர்த்திருக்கும். ஐந்து மணி பஸ்ஸில் பாதிப்பேர் ஆசிரியர்மாரும் உத்தியோகத்தர்மாரும்தான், ஆனையிறவு தாண்டும்வரை எல்லாரும் நித்திரை. திரும்பி வர இரவு ஏழு மணியாகும். மகன் அப்போது கைக்குழந்தை. கிழமையில் ஐந்து நாளும் அவர் அவனை நித்திரையில்தான் பார்த்தார். வந்ததும் உடுப்பு மாற்றாமல் போய் அவன் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார். எழுத்தில் ஏழேமுக்கால் மணித்தியால வேலை, வீட்டுக்கணக்கில் பதினாலு மணித்தியாலம்.

பிறகு யாழ்ப்பாண மாவட்டத்துக்கு இடமாற்றம் கிடைத்தது. அதே பதவி, அதே சம்பளம். இப்போது நாலேமுக்காலுக்கு வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும். தேத்தண்ணி குடித்துவிட்டு மகனை ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போவார். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் பின்னேரப் பூசைக்குப் போக முடிகிற மனிதர் எங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான். ஆகவே அரசாங்க வேலை நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்டுப் பயனில்லை. எந்த ஊரில், எத்தனை வருடம் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

அதை வேண்டாமென்று விடுவதும் லேசான காரியமில்லை. பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருடக்கணக்காகக் காத்திருந்தவர்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். 2020இல் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவோடு பயிலுநர்களாக எடுத்தபோது அந்தக் கடிதத்துக்காக அழுதவர்களை எனக்குத் தெரியும். அண்ணையின் பயத்தை நான் மதிக்கிறேன்.

கொழும்புக்கு வருவோம். அங்கே சட்டம் நல்லது. கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று எல்லை போடுகிறது. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். அதுவும் கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது. வருடாந்த லீவு 14 நாள், கசுவல் லீவு 7 நாள், பிரசவ லீவு 84 வேலைநாள். ஓய்வுகாலத்துக்குச் சேர்கிற ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் நாங்கள் 8 வீதம், முதலாளி 12 வீதம். நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி இன்னும் 3 வீதம்.

நடப்பு வேறு. "எக்சகியூட்டிவ்" என்று பெயர் வைத்தால் ஓவர்டைம் என்ற சொல்லே மறைந்துவிடும். நான் இருந்த கொம்பனியில் மார்ச் 31க்குக் கணக்கு முடிகிற காலம் வந்தால் இரவு பத்து மணிக்கு முன்னர் படியிறங்கினதாக ஞாபகமில்லை. வெள்ளவத்தையில் ஒரு அறைக்குள் நாலு பிள்ளைகள் போடிங். காலி வீதிப் பக்கம் யன்னல், மற்றப் பக்கம் கடல் காத்து. வெள்ளி இரவு பஸ் ஏறினால் நானூறு கிலோமீற்றர் தாண்டிச் சனி விடிய வீடு. ஞாயிறு இரவு திரும்பவும் பஸ். 1990இல் நின்ற ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தபோது எங்களுக்கு முதுகாவது தப்பியது. அப்படியும் வீட்டில் கிடைப்பது ஒன்றரை நாள்.

அம்மம்மா செத்தது ஒரு ஏப்ரல் மாதம். லீவு கேட்டேன். கோப்பு முடியட்டும் என்றார்கள். செத்த வீட்டுக்குப் போக முடியவில்லை. எட்டுச் செலவுக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது, பந்தல் கழற்றத் தொடங்கியிருந்தார்கள். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. சட்டப்படி எனக்கு இருந்த லீவு அது.

இவ்வளவும் சொல்லிவிட்டுக் கொழும்பை ஏன் வேண்டாமென்று எழுதாமல் இருக்கிறேன்? நான் வேலை படித்தது அங்கேதான். ஒரு கணக்கில் எது பொய் என்று பார்த்தவுடன் மூக்கில் மணக்கிற பழக்கம், பக்கத்து மேசையில் இருந்த மூத்த அக்காவிடம் வந்தது. அவர் பென்சிலால் ஒரு இலக்கத்தைச் சுற்றிவிட்டு, "இதை நீயே யோசி" என்று தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். சூம் திரையில் அப்படி யாரும் பென்சிலால் சுற்றிக் காட்டமாட்டார்கள். இன்று என் வீட்டு மேசைச் சம்பளம் அந்த ஆறு வருடத்தின் வட்டி.

அந்த மேசையைப் பற்றித்தான் ஊரில் அதிகம் பிழையாக நினைக்கிறார்கள். 2022ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதம் 360 வரை போனது, பிரித்தானியப் பவுணும் கூடவே ஏறியது. அரசாங்கச் சம்பளக்காரர் பெற்றோல் வரிசையில் நிற்க, ஒன்லைனில் வேலை செய்தவர்களுக்கு இருந்த இடத்திலேயே வருமானம் பெருத்தது. எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டும் நடந்தது. அந்த வருடம் ஜூனில் அரசாங்க ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா லீவில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கையே வந்தது. அதற்குப் பிறகுதான் யாழ்ப்பாணத்தில் கலியாணம் பேசுகிறவர்களும் "ஒன்லைன் வேலையோ, நல்லது" என்று சொல்லத் தொடங்கினார்கள்.

ஆனால் மணிக்கூட்டைப் பாருங்கள். லண்டன் காலை 9 மணி எங்களுக்குக் கோடையில் பின்னேரம் 1.30, ஒக்டோபர் கடைசியில் அவர்கள் நேரத்தை மாற்றியபின் 2.30. அவர்களின் 5 மணி எங்களுக்கு இரவு 9.30 அல்லது 10.30. ரொறன்ரோ என்றால் இன்னும் மோசம், அங்கே காலை 9 மணி இங்கே மாலை 6.30 அல்லது 7.30. விடியப்புறம் இரண்டரை மூன்றரைக்குத்தான் முடியும். மகன் பள்ளிக்கூடத்தால் வருகிற நேரம் நான் ஹெட்போனை மாட்டுகிற நேரம். முதல் வருடம் அவன் கதவடியில் வந்து நின்று, "அம்மா, கதைச்சு முடிஞ்சுதோ?" என்று சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துக் கேட்பான். நான் விரலைக் காட்டுவேன், ஐந்து நிமிடம் என்று. ஐந்து நிமிடம் ஒருநாளும் ஐந்து நிமிடமாக இருந்ததில்லை.

இப்போது கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்: ஏழு மணியில் இருந்து எட்டு மணிவரை எனக்குக் கூட்டம் போடக்கூடாது. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது எழுத்தில் கேட்டேன், தந்தார்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில் சாப்பாடு, கதை, நித்திரை. கேட்காமல் இருந்த மூன்று வருடத்தை நினைக்கத்தான் கவலை.

வீட்டில் உள்ளவர்களுக்கு இது வேலையாகத் தெரிவதும் கஷ்டம். "வீட்டிலதானே இருக்கிறாய், காஸ் சிலிண்டர் வந்தால் எடன் பிள்ளை" என்பார் மாமியார். அவரில் பிழையில்லை, வேலை என்றால் வெளிக்கிட்டுப் போவது என்று பார்த்து வளர்ந்தவர். கரண்ட் போனால் ரவுட்டருக்கு ஒரு சின்ன பற்றரி வைத்துச் சமாளிக்கலாம். இந்த நினைப்பை மாற்றத்தான் காலம் எடுத்தது. முன்பக்க அறைக் கதவில் மகன் வரைந்த சிவப்பு மட்டை தொங்கினால் இப்போது யாரும் தட்டுவதில்லை.

காசுக் கணக்கிலும் ஏமாறக்கூடாது. மருமகளுக்குக் கொழும்பில் சொன்ன சம்பளம் 110,000 ரூபா, லண்டன் வேலைக்கு 140,000. முப்பதாயிரம் கூட என்று மச்சாள் சந்தோசப்பட்டா. நான் பைலின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். கொழும்பு முதலாளி சேமலாப நிதிக்கும் நம்பிக்கை நிதியத்துக்கும் போடுகிற 15 வீதம் 16,500 ரூபா. சம்பளத்தோடு கிடைக்கிற 21 நாள் லீவு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம், பன்னிரண்டால் பிரித்தால் மாதம் ஒன்பதாயிரம். மிச்ச வித்தியாசம் ஐயாயிரத்துக்குள். அதற்குள் இன்ரர்நெற், பற்றரி, லப்டொப் எல்லாம் அவளுடையது. 2025 ஏப்ரலில் இருந்து வருடத்துக்கு 18 இலட்சம் வரை வருமான வரியில்லை, வங்கியூடாக வருகிற வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு அதற்கு மேல் உச்சம் 15 வீதம். அந்தக் கணக்கையும் அவளே காட்ட வேண்டும்.

எனக்கு உண்மையில் பயம் வேறொன்றில். நான் சேர்ந்தபோது பற்றுச்சீட்டுகளைப் பதிய எங்கள் அணியில் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். இப்போது மென்பொருளே படத்தைப் பார்த்துப் பதிகிறது. ஒருத்திதான் மிச்சம், அவள் அது விட்ட பிழையைப் பிடிக்கிறாள். பிழை பிடிக்கத் தெரிந்தவளுக்கு வேலை இருக்கிறது, பதிய மட்டும் தெரிந்தவளுக்கு இல்லை. மருமகளுக்கு வந்த லண்டன் கடிதத்தில் இருப்பது பதிகிற வேலை.

ஆகவே சொன்னேன். சின்னப் பிள்ளை உள்ள தாய் கேட்டால், மாவட்டத்துக்குள் அரசாங்க வேலை முதலாவது, எழுத்தில் நேரம் வாங்கிய ஒன்லைன் வேலை இரண்டாவது, கொழும்பு வேண்டாம் என்பேன். வீட்டில் ஒருவர் அரசாங்கத்தில் இருந்தால் மற்றவர் ஒன்லைனில் துணிந்து இறங்கலாம், நாங்கள் அப்படித்தான் நிமிர்ந்தோம். ஆனால் இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்குக் கொழும்பில் இரண்டு வருடம், மூன்றாம் வருடம் தாண்டாமல். முல்லைத்தீவுக் கடிதத்தை விடுவது இழப்புத்தான். வயதெல்லை வருமுன் போட்டிப் பரீட்சைகள் எழுதலாம், கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன்.

போகுமுன் ஒரு வேலை கொடுத்தேன். கொழும்புக் கொம்பனியில் இப்போது இருக்கிற ஒரு பெண்பிள்ளையைத் தேடிப்பிடித்து, ஏப்ரலில் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறா என்றும் கடைசியாக எப்போது லீவு கேட்டு மறுத்தார்கள் என்றும் கேள் என்றேன்.

செவ்வாய்க்கிழமை இரவு, என் ஏழு மணி எட்டு மணி இடைவெளிக்குள் அழைத்தாள். கம்பஸில் அவளுக்கு ஒரு வருடம் மூத்த அக்கா ஒருத்தி அங்கே இருக்கிறாவாம். ஏப்ரலில் எட்டரை ஆகும், மற்ற மாதங்களில் ஐந்தரைக்கு வெளிக்கிடலாம், தகப்பனின் சத்திரசிகிச்சைக்கு ஐந்து நாள் லீவு மறுபேச்சில்லாமல் தந்தார்கள் என்றாவாம். மருமகள் வெள்ளவத்தையில் அறை பார்க்கத் தொடங்கிவிட்டாள். அண்ணை இன்னும் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சனிக்கிழமை நான் போய் அண்ணையோடு கதைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.