மாரத்தானைக் கைவிட்டாச்சு: இனி அரை மாரத்தானா, 200 கி.மீ. சைக்கிளா?

42.195 கி.மீ. கனவை மூட்டை கட்டியவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வழிதான் கண்ணில் படும்: தூரத்தைப் பாதியாக்குவது, அல்லது சைக்கிளில் 200 கி.மீ. பிரவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்கவேண்டிய நீளப் பயணம். நான் சைக்கிள் கட்சி.

அரை மாரத்தானுக்கு நல்ல ஷூ போதும். வாரம் நாலு ஓட்டம். ஞாயிறு நீள ஓட்டத்தை 8 கி.மீ.யில் தொடங்கி 18 வரை ஏற்றினால் 12 வாரத்தில் தயார்.

முடிவைத் தீர்மானிப்பது உடம்பு தேறும் நேரம். காலடி தரையில் விழும்போதெல்லாம் தொடைத்தசை நீண்டபடியே எடையைத் தாங்கி நுணுக்கமாகக் கிழிகிறது. நீள ஓட்டத்துக்கு மறுநாள் மாடிப்படி இறங்கத் திணறுவது அதனால்தான். பெடலில் அந்த அடி இல்லை. ஞாயிறு 100 கி.மீ. மிதித்தவர் செவ்வாய் காலை மறுபடி ஏறலாம். மூட்டுத் தேய்மானத்தால் ஓட்டத்தை விட்டவருக்கு மட்டும் இதை அடித்துச் சொல்ல மாட்டேன். டாக்டரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

நம் குமரி மாவட்டப் புழுக்கமும் சைக்கிள் பக்கம்தான். வெயிலுக்குப் பயந்து விடியுமுன் ஓடினால், காற்றில் ஈரப்பதம் அப்போதுதான் உச்சம்; வியர்வை சொட்டுமே தவிர உலராது. சைக்கிள் தன் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்.

பிரவேக்கு 13.5 மணி நேரம் கெடு. 20 கி.மீ. வேகத்தில் மிதித்தால் பத்து மணி. சாப்பாடு, பஞ்சருக்கு மூன்றரை மணி மிச்சம். பசிக்குமுன்னே மணிக்கொரு ஏத்தம்பழமும் (நேந்திரன்) கடலைமிட்டாயும் உள்ளே போகணும். 120 கி.மீ.க்கு மேல் கால் திடீரென்று செத்துப்போவது பெரும்பாலும் இதில் கோட்டை விடுவதால்தான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் ஏமாற்றும். காவல்கிணறு நோக்கிப் போகும்போது காற்று முதுகில் தள்ளப் பறப்பீர்கள். திரும்பும்போது முப்பந்தலில் காற்றாலைகளுக்கு நடுவே ஊர்வீர்கள். அந்த மாதங்களில் நீளப் பயணத்தைக் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் வையுங்கள். மழை நனைக்கும், ஏற்றமும் உண்டு. எதிர்க்காற்றுக்கு அது தேவலை.

சீட் உயரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நிற்கணும். சீட் தாழ்ந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும், உயர்ந்தால் பின்பக்கம்.

சைக்கிளின் தொல்லை பராமரிப்பு. மணக்குடி, முட்டம் கடற்கரைச் சாலையில் போய்வந்த அன்றே செயினைத் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். உப்புக்காற்று மறுநாள் வரை காத்திருக்காது.