அல்பட்ராஸ் பி.2-ஆ, டாபேயா?

முதல் உலகப் போரின் ஜெர்மன் உளவு விமானம் ஒன்றை 1/48 அளவு மாதிரியாகச் செய்ய நினைக்கும் நண்பர்கள் பலர், இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தயங்கி நிற்கிறார்கள்.

இறக்கை: அல்பட்ராஸ் இரட்டை இறக்கை விமானம், அகலம் 12.8 மீட்டர், மாதிரியில் சுமார் 27 செ.மீ. டாபே ஒற்றை இறக்கை. ஏறத்தாழ 30 செ.மீ. இடம் கேட்கும்.

உடல்: அல்பட்ராஸுக்கு ஒட்டுப்பலகை, டாபேக்குத் துணி.

கம்பிகள்: அல்பட்ராஸில் மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே, அவற்றை இணைக்கும் தாங்குகால்களை ஒட்டிக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். ஒழுங்கு பிடிபட்டால் கை தானாகப் போகும். டாபே அப்படியல்ல. அதில் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையில் அசையும் தனிச் சாய்வுத் தகடுகள் கிடையாது. இறக்கையின் நுனியையே முறுக்கித்தான் விமானி திருப்புவார். அதற்கான கம்பிகள் மேலேயுள்ள தூண்களிலிருந்து விரல்போல் விரியும். ஒன்று தளர்ந்தாலும் கண்ணை உறுத்தும். பொறுமை வேண்டும், நல்ல இடுக்கியும் வேண்டும்.

வரலாறு: 1914 ஆகஸ்டில் பாரிஸ் மீது குண்டு போட்டது டாபே. அல்பட்ராஸில் துப்பாக்கியே இல்லை. முன்னிருக்கையில் நோட்டமிடுபவர், பின்னால் விமானி. ஆனாலும் உளவுப் பணி முடிந்த பிறகு பயிற்சி விமானமாகப் பல ஆண்டுகள் உழைத்தது.

முதல்முறை செய்பவர் அல்பட்ராஸை எடுங்கள். பலகையின் மரவரி தீட்டுவதே தனி இன்பம். கம்பி வேலையில் கை பழகியவருக்கு டாபே.