வெள்ளிக்கிழமை மீன் கிடையாது: தொண்டி அக்கா கடை

தொண்டியில் கடலியல் படிக்க வரும் பிள்ளைகளும், அவர்களைக் கொண்டுவந்து விடும் பெற்றோரும் என்னிடம் முதலில் விசாரிப்பது சாப்பாட்டைப் பற்றித்தான். கத்தோலிக்கக் குடும்பமாக இருந்தால் அடுத்த கேள்வி, "ஞாயித்துக்கிழமை பூசைக்கு எங்கம்மா போவா?" இரண்டுக்கும் நான் ஒரே கடையைக் கைகாட்டி வருகிறேன். அதனால் அந்தக் கடையைப் பற்றி நல்லதும் கெட்டதுமாக எழுதிவிடுகிறேன்.

அழகப்பா பல்கலைக்கழகம் என்றால் காரைக்குடி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அதன் கடலியல், கடலோர ஆய்வுத் துறை இருப்பது இங்கே, பாக் விரிகுடாக் கரையில், தொண்டி வளாகத்தில். நான் அங்கே ஆய்வு மாணவி. சொந்த ஊர் மூக்கையூர், இதே ராமநாதபுரம் மாவட்டத்தின் தெற்குப் பக்கம். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளோடு இங்கே வாடகை வீட்டில் இருக்கிறேன். கணவருக்கு ராமநாதபுரத்தில் வேலை. சனிக்கிழமை ராத்திரி தேவிபட்டினம் வழியாக வரும் பஸ்ஸில் வந்து இறங்குவார். படகில் ஆய்வுக்கான மாதிரி எடுக்கப் போகிற நாளில் சமைக்க நேரம் இருக்காது. அன்றெல்லாம் எங்களுக்குச் சோறு அக்கா கடையில்தான்.

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ஓட்டு வீட்டின் முன்பக்கம் தகரம் இறக்கி, நாலு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். சுவரில் வேளாங்கண்ணி மாதா படம். அதற்குக் கீழே இரண்டு காலண்டர். ஒன்று பங்குக் கோயிலில் கொடுத்தது, மற்றது ஐஸ் கம்பெனி கொடுத்தது. ஐஸ் கம்பெனி காலண்டரில் அமாவாசையும் பௌர்ணமியும் பேனாவால் வட்டமிட்டிருக்கும். இந்தக் கடையில் மெனு கார்டு என்று தனியாக எதுவும் இல்லை. இன்று என்ன கிடைக்கும் என்று தெரிய வேண்டுமானால் அந்த இரண்டு காலண்டரையும் பார்த்தால் போதும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். அளவுச் சாப்பாடு 70 ரூபாய், மீன் குழம்போடு 100, வறுவல் மீனைப் பொறுத்து. குழம்பு இரண்டு விதம். சாளைக்கும் சூடைக்கும் புளி தூக்கலாக, மண்சட்டியில் முந்தின நாளே வைத்தது. பாரை, நகரை வந்தால் தேங்காய் அரைத்து ஊற்றியது. இரண்டிலும் முண்டு என்கிற குண்டு மிளகாய்தான். நம் மாவட்டத்து முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை அக்கா பெருமையாகச் சொல்வார், அதற்கப்புறம் விலை ஏறிவிட்டது என்று அதே மூச்சில் திட்டவும் செய்வார். நீள மிளகாய் போட்ட குழம்பு தொண்டையைப் பிடிக்கும். இது சிவப்பாக, மணமாக இறங்கும், காரம் பின்னால் வரும். கணவாய்த் தொக்கு வந்த அன்று மற்ற எதையும் பார்க்காமல் அதை வாங்குங்கள். ரப்பர் மாதிரி இழுக்காமல் கணவாய் வேக வைக்கத் தெரிந்த கை இந்தச் சாலையில் அதிகம் இல்லை.

நண்டு ரசமும் நன்றாக இருக்கும், ஆனால் அதில் எனக்கு ஒரு சண்டை பாக்கி. இந்தக் கடலில் நீலக்கால் நண்டு கடற்புல் படுகையில் வளர்வது. வயிற்றில் முட்டையோடு வரும் சினை நண்டை வாங்காதீர்கள், விட்டால்தான் அடுத்த வருஷம் நண்டு என்று நான் பல தடவை சொல்லிவிட்டேன். "வலையில ஏறினதை விட்டுட்டு வர்றவன் எவன்டி?" என்பார். கேட்டு வாங்குகிற ஆள் இருக்கும்வரை நான் பேசுவது எடுபடாது. சினை நண்டு போட்ட ரசத்தை நான் வாங்குவதில்லை. நீங்களும் வாங்காதீர்கள்.

இனி வெள்ளிக்கிழமை. வருஷம் முழுவதும் வெள்ளிக்கிழமைகளில் இங்கே கறி கிடையாது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்துவிட்டால் வெள்ளிக்கிழமை மீனும் கிடையாது. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனிலிருந்து பாஸ்கா என்கிற ஈஸ்டர் வரை இதுதான் சட்டம். புதிதாக வரும் பையன்கள் இதைக் கேட்டு முழிப்பார்கள். கடற்கரையில் மீன் கடை வைத்துக்கொண்டு மீன் இல்லையா?

ஒரு நாள் பங்குச்சாமி கடைக்கு வந்தபோது இதே பேச்சு வந்தது. திருச்சபைச் சட்டப்படி சுத்தபோசனம் என்றால் இறைச்சியைத்தான் விலக்க வேண்டும், அதுவும் 14 வயது நிரம்பியவர்கள். மீனுக்குத் தடை ஏதும் இல்லை. ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு, இருக்க வேண்டியது 18 வயதிலிருந்து 60-வது வயது தொடங்கும்வரை, அதுவும் திருநீற்றுப் புதனும் புனித வெள்ளியும் மட்டும் கட்டாயம். சாமி இதைப் பொறுமையாக விளக்கினார். அக்கா கரண்டியைக் கீழே வைக்காமலேயே பதில் சொன்னார்: "சட்டம் சரிதான் சாமி. கறியை நாங்க என்னைக்குத் தின்னோம், விடுறதுக்கு? மீனை விட்டாத்தான எங்களுக்கு விட்ட மாதிரி?" சாமி சிரித்துவிட்டு கஞ்சியைக் குடித்தார்.

அக்காவுக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. ஓரியூர் இங்கிருந்து தூரமில்லை, இதே திருவாடானை தாலுகாதான். 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) என்ற இயேசு சபைச் சாமியின் தலையை வெட்டிய இடம். அது ஒரு திருநீற்றுப் புதன்கிழமை. போர்ச்சுகல் அரண்மனையில் இளவரசனுக்குத் தோழனாக வளர்ந்த பிள்ளை, மறவ நாட்டுக்கு வந்து காவி கட்டி, பண்டார சாமியாக நடந்து திரிந்தவர். இங்கே இருந்தவரை மீன், கறி, முட்டை எதையும் தொடவில்லை. "அவரு வருஷம் பூரா விட்டாரு, நம்ம ஏழு வெள்ளிக்கிழமை விடமுடியாதா?" என்பது அக்காவின் கட்சி. 1947-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். ஓரியூருக்குப் போகிறவர்கள் அங்கிருந்து செம்மண் எடுத்து வருவார்கள். அக்கா கடையில் கல்லாப்பெட்டிக்கு அடியிலும் ஒரு சிமிழில் இருக்கிறது.

சரி, அந்த வெள்ளிக்கிழமை என்னதான் சாப்பிடுவது? இந்தக் கடையின் மிகச் சிறந்த சாப்பாடு அன்றைக்குத்தான் என்று சொன்னால் நம்புவீர்களா தெரியாது. பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் போட்டுக் குழைத்த கஞ்சி, தேங்காய்த் துவையல், முருங்கைக்கீரை வதக்கல், சுட்ட அப்பளம். 40 ரூபாய். சாயங்காலம் கோயிலில் பதினாலு நிலைகளும் முட்டுக்குத்தி எழுந்து, இயேசுவின் பாடுகளை நினைக்கும் சிலுவைப்பாதை முடித்து வருகிறவர்களுக்குக் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி. அதற்குக் காசு வாங்குவதில்லை. சிலுவைப்பாதைக்கு வராமல் காப்பிக்கு மட்டும் வருகிற ஆட்களும் உண்டு. அவர்களிடமும் வாங்குவதில்லை.

பாஸ்கா முடிந்தால் மீன் மழை கொட்டும் என்று நினைக்க வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். அப்போது நாட்டுப் படகு கொண்டுவருவதுதான் மீன், சொல்வதுதான் விலை. குழம்பில் துண்டு சிறுத்துப்போகும், கருவாடு பெருகும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஐஸில் வாரக்கணக்கில் கிடந்த மீனை எங்கிருந்தோ வரவழைத்துப் போடாமல், இல்லை என்றால் இல்லை என்று சொல்கிற கடை.

நான் இளங்கலை படித்தது தூத்துக்குடியில், சிஸ்டர்கள் நடத்தும் கல்லூரியில். அங்கே வளாகத்துக்குள்ளேயே சிற்றாலயம், விடுதியில் மணி அடித்தால் செபமாலை, 1924-ல் தொடங்கிய ஐக்கஃப் என்ற கத்தோலிக்க மாணவர் இயக்கத்தின் கூட்டம், வருஷம் ஒரு தியானம். எல்லாம் தானாக நடக்கும். நாம் வெறுமனே வரிசையில் நின்றால் போதும். இங்கே இருப்பது அரசுப் பல்கலைக்கழகம். அதில் சிற்றாலயம் இருக்காது, இருக்க வேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன். ஆனால் வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு இன்றைக்கு என்ன நாள் என்பதே மறந்துபோகும். ஆய்வகத்தில் உப்புத்தன்மையும் பிளாங்டனும் எண்ணிக்கொண்டே இருந்தால் குருத்தோலை ஞாயிறு வந்ததும் தெரியாது, கல்லறைத் திருநாள் போனதும் தெரியாது. எங்கள் துறையில் இருக்கும் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு நாளை நினைவுபடுத்துவது அக்காவின் சட்டிதான்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து கூட்டம் நேரே இங்கே வரும். இடியாப்பம், தேங்காய்ப்பால் ஊற்றிய மீன் சொதி, தேங்காய்ச் சம்பல். சொதியும் சம்பலும் அக்காவின் மாமியார் கைவேலை. அவர் மன்னார்ப் பக்கம் பிறந்தவர், எங்கள் எல்லோருக்கும் ஆத்தா. என் மகளைப் பின்பெஞ்சில் உட்காரவைத்து, முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வேண்டிய செபங்களை ஆத்தாதான் மனப்பாடம் செய்ய வைக்கிறார். ஒரு செபம் தப்பில்லாமல் சொன்னால் ஒரு இடியாப்பம் கூடுதல். உபதேசியார் வகுப்பில் தூங்கிவிழுகிற பிள்ளை இங்கே கிளி போலச் சொல்கிறாள். என் கணவர் வாரத்தில் ஒரு நாள்தான் எங்களோடு சாப்பிடுகிறார், அதுவும் பெரும்பாலும் இந்தப் பெஞ்சில். பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டமும் மாதம் ஒரு தடவை இதே தகரத்துக்குக் கீழே நடக்கும். விவிலியத்தில் ஒரு பகுதி வாசித்து, யாருக்கு ஆஸ்பத்திரிச் செலவு, யார் மகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும் என்று பேசி முடிக்க ராத்திரி ஆகிவிடும்.

கடற்கரை ஊர்ப் பிள்ளைகளும் உள்நாட்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். அதற்காக எல்லாம் கரைந்துவிட்டது என்று நான் எழுதமாட்டேன். எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்ற விசாரணை இங்கேயும் நடக்கிறது. சோறு போட்ட பிறகு நடக்கிறது, அவ்வளவுதான்.

தொண்டியில் முஸ்லிம் குடும்பங்கள் அதிகம். 2025 மார்ச்சில் தவக்காலமும் ரமலானும் சேர்ந்தே வந்தன. அந்த மாதம் மத்தியானத்தில் கடை காற்றாடியது. நோன்பு இருக்கும் மாணவர்கள் வரவில்லை, ஒருசந்தி இருந்தவர்கள் ஒரு வேளையோடு நிறுத்திக்கொண்டார்கள். சாயங்காலம் பள்ளிவாசலிலிருந்து தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வரும். வெள்ளிக்கிழமை மட்டும் அக்கா முன்கூட்டியே கேட்டுக்கொள்வார், கறி போட்டதா போடாததா என்று. போட்டதாக இருந்தால் அதை அப்படியே மற்ற பிள்ளைகளுக்கு ஊற்றிவிடுவார்.

குறைகள். முதலாவது, முன்னறிவிப்பு. ஓரியூர்த் திருவிழா, கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா, அக்காவின் தம்பி மகளுக்கு ஞானஸ்நானம், எதுவானாலும் கடை பூட்டியிருக்கும், கதவில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குக் கோயில் அறிவிப்பில் விஷயம் தெரிந்திருக்கும். திருவாரூரிலிருந்து வந்து படிக்கிற பையனுக்கு எப்படித் தெரியும்? காலையில் படகில் போய்விட்டு வந்து பசியோடு பூட்டைப் பார்த்து நிற்கிறான். மாத வாடிக்கைக்குப் பணம் வாங்குகிற கடை இப்படிச் செய்வது நியாயமில்லை. அக்காவிடம் நேரிலேயே சொன்னேன். "போனைப் போட்டுக் கேக்க வேண்டியதுதான?" என்றார். இன்னும் சீட்டு ஒட்டவில்லை.

இரண்டாவது, கேள்வி. போன ஞாயிறு பூசைக்கு வராதவர்களிடம் சோற்றைப் போட்டுக்கொண்டே "எங்க காணோம்?" என்பார். எனக்குப் பழகிவிட்டது. ஆனால் கோயிலை விட்டுத் தள்ளி நிற்க நினைக்கிற பிள்ளைகள் சிலர் இதனாலேயே பஜார் பக்கம் போய்ச் சாப்பிடுகிறார்கள். பாவம், அங்கே பரோட்டா தவிர ஒன்றும் கிடைப்பதில்லை. சாப்பிட வருகிறவனிடம் பாவசங்கீர்த்தனம் கேட்பது சாமி வேலை, அக்கா வேலை அல்ல.

மற்றபடி டீ சுமார். ரசம் சில நாள் வெறும் மிளகுத் தண்ணீர். மகன் கடையில் இருந்தால்தான் ஜிபே, இல்லாவிட்டால் சில்லறையோடு போங்கள். கைகழுவும் இடத்தில் ராத்திரி வெளிச்சம் போதாது.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு: மாத வாடிக்கை வைப்பதானால் பகல் சாப்பாட்டுக்கு மட்டும் வையுங்கள், ராத்திரித் தோசை வீட்டுத் தோசையை விட மோசம். கணவாயும் நண்டும் காலையிலேயே சொல்லிவைத்தால் எடுத்துவைப்பார். நாளைக்குக் கடை உண்டா என்று முந்தின நாள் சாப்பிட்டு எழும்போதே கேட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணிக்கு மேல் போனால் இடியாப்பம் தீர்ந்திருக்கும், சம்பலும் கொஞ்சம் ரொட்டியும்தான் மிச்சம்.